அம்மாவுக்கு எந்த பேட்?

திருமுல்லைவாயிலில் ரயிலேறிய அப்பாவும் மகளும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு, டென்னிஸ் மாதிரி ஆடுகிற பேடல் ஆட்டத்துக்கான பேட் வாங்கப் போகிறார்களாம்.

“வட்டமா இருக்கிறதே போதும்ப்பா. நிதானமா ஆடுறவங்களுக்கு அதுதான். அம்மா அதிர்ந்துகூடப் பேசமாட்டாங்க.”

“வேணாம்மா. டைமண்ட் ஷேப்ல வாங்கு. ஓங்கி அடிக்கிறவங்களுக்கு அதுதான் சரி.”

“ஓங்கியா? அம்மாவா?”

“நேத்து எதிர்ப்பக்கம் நான் நின்னேன். என் நெஞ்சைக் குறிவெச்சே அடிச்சா. அப்படியே உக்காந்துட்டேன்.”

நான் இயர்போனைக் கழற்றினேன்.

“ஐயோ! பதறிப்போய் ஓடி வந்திருப்பாங்களே?”

“எங்க வந்தா? நின்ன இடத்துலயே நின்னு, ‘பந்து உங்க மேல பட்டுச்சு, பாயிண்ட் எனக்கு’ன்னா.”

கொரட்டூரில் இறங்க எழுந்த மகள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

“அதுகூடப் பரவால்லம்மா. அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு. கல்யாணமானதுலேர்ந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல.”