மண்டபத்தில் காட்டும் கை: கண்டி, 1939

நல்லம்மா: இழுக்காதீங்கக்கா... கூசுது.

சீதா: ஆட்டாதே. மெல்லப் பேசு, எங்க அத்த அடுத்த அறையில படுத்திருக்காங்க.

நல்லம்மா: தெல்தோட்டை எஸ்டேட்டுல தேயிலக் கொழுந்து கிள்றவ கையில மருதாணியா! கங்காணி பாத்தா சிரிப்பாரு.

சீதா: ராமேஸ்வரத்துப் பக்கம், கப்பலேர்றவங்கள சோதிக்கிற மண்டபம் கேம்ப்பு ஆபீசர் சிரிக்க மாட்டார். விரலத்தான் மொதல்ல பாப்பாராம். கறையும் வெடிப்பும் இருந்தா கூலிக்காரி... இலங்கைக்கு விட மாட்டாங்க.

நல்லம்மா: போன வருசம்கூட எல்லாரும் போய் வந்தாங்களே...

சீதா: இங்க இலங்கை சர்க்காரு நம்ம ஆளுகள வேலையவிட்டு நிப்பாட்டுனாங்கள்ல? அதுக்கு இந்தியா சர்க்காரு, ஆகஸ்ட்டு பொறந்தா கூலி வேலைக்கு ஒருத்தரையும் கப்பலேத்த மாட்டோம்னுட்டாங்க.

நல்லம்மா: ரெண்டு சர்க்காரும் மல்லுக்கு நிக்கட்டும். எம்புள்ள ராஜகுமாரி என்ன பண்ணுச்சு? பாத்துக்கிட்டிருந்த எங்கம்மாவும் போய்ச் சேந்துருச்சு... இந்தியாவுல, ஊருல ஒத்தையில கெடக்கு.

சீதா: கூட்டிட்டு வந்துரலாம். கடைக்காரர் குடும்பத்த மறிக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சரக்கெடுக்கத் தூத்துக்குடி போறாரு, நீயும் கூடப் போ. மண்டபம் வழியாத் திரும்பையில நீ அவரு தங்கச்சி. சரி, நான்தான் ஆபீசர். பேரென்ன?

நல்லம்மா: நல்லம்மாங்க தொரை.

சீதா: தொரையா! புடவைக்கடக்காரர் தங்கச்சி தொரைம்பாளா? குனியாதே. அண்ணன் பேரு?

நல்லம்மா: நடராஜா... கண்டியில புடவைக்கட...

மாமியார்: சீதா! யாரு அங்க?

சீதா: தெரிஞ்ச பொண்ணு அத்தே. மருதாணி வச்சு விடுறேன்.

மாமியார்: தோட்டத்து ஆளுன்னா வாசலோட நிப்பாட்டு. உள்ள ஏத்தாதே.

நல்லம்மா: அக்கா... நான் போயிர்றேன்.

சீதா: உக்காரு. இது ஒத்திகைதான். பொடி கட்டித் தாரேன், கேம்ப்புக்குப் போறதுக்கு முந்தி திரும்ப வச்சுக்க.

நல்லம்மா: இந்த எலைய நம்பியா... நானும் புள்ளையும் அங்கயே மாட்டிக்கிட்டா? எம்புருசன் இங்க...

சீதா: கண்டுபிடிக்க மாட்டாங்க.

நல்லம்மா: உங்களுக்கென்னக்கா தெரியும்? வருசம் பூரா செவந்த கை. ஆசைக்கு வச்சுக்கிறீங்க...

சீதா: ஆசைக்கில்லடி. இந்தா, என் பெருவிரலத் தடவிப் பாரு... உன்னோட வெடிப்புதான், ஆறித் தழும்பாயிருக்கு. இந்த வீட்டுக்குள்ள நானும் இப்புடித்தான் வந்தேன். அத்த இன்னும் கண்டுபிடிக்கல.