சார்ஜரோடு சேர்த்து

வேண்டாத சாமானை அடுத்தவருக்குக் கொடுப்பது, புதுச் சாமான் வாங்குவதைவிடப் பெரிய வேலை, ஆபீசர். வாங்கப் போனால் கடைக்காரன் பார்த்துக்கொள்வான். கொடுக்க நினைத்தால் எல்லாம் நம் தலையில்தான். துடைக்க வேண்டும், வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், நீள அகலம் எழுத வேண்டும். அப்புறம் வருகிறேன் என்றவர் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பெரிய வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்குப் போகப்போகிறேன். பெர்த்திலிருந்து மகன் போனில், "எல்லாத்தையும் தூக்கிக் கடாசும்மா" என்றான். அவனுக்கென்ன, வாயால் சொல்லிவிட்டான். நல்ல சாமானைக் குப்பைத்தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வர எனக்கு மனசு வராது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகிய கை இது. அதனால்தான் எங்கள் பேட்டைக்காரர்கள் வேண்டாத சாமானைச் சும்மா கொடுக்கிற போன் குழுவில் சேர்ந்தேன். உங்கள் போனிலும் அப்படி ஒன்று இருக்கும். கொடுப்பதை அங்கே 'ஆசி' என்பார்கள். 'இன்றைய ஆசி: ரைஸ் குக்கர்' என்று போட்டால் போதும், கேட்டு வரிசை கட்டிவிடுவார்கள்.

நான் ஒழுங்காகக் கொடுத்தேன். யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். முதலில் கேட்டவருக்கே முதல் உரிமை. குறை இருந்தால் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். எதிர்வீட்டு ரொஹானி, "எங்க குவெக் ஆன்ட்டி குடுத்தா கடையில வாங்கின மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொல்வாள்.

வாங்க வருகிறவர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நீள அகலம் எழுதியிருக்கும், கீழேயே 'எவ்ளோ பெருசு?' என்பார்கள். வந்து எடுக்கும் இடம் தோ பாயோ என்று போட்டிருக்கும், 'உட்லண்ட்ஸுக்குக் கொண்டுவந்து தருவீங்களா?' என்பார்கள். சும்மா கொடுக்கிறவள் வீட்டுக்கே வந்து ஊட்டியும் விட வேண்டும் போலிருக்கிறது. பொறுத்துக்கொண்டேன்.

டெஸ்மண்ட் புவா எதிர் புளோக்கில் இருப்பவன். நான் எதைப் போட்டாலும் உடனே, 'ஆன்ட்டி, இன்னும் இருக்கா?' என்பான். படத்தைப் பார்க்கிறானா என்பதே சந்தேகம். முதலில் குளிர்பதனப்பெட்டி கேட்டான். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றான். ரொஹானியின் கணவர் கூடச் சேர்ந்து இழுத்து அதைத் தாழ்வாரத்தில் வைத்தோம். சாயங்காலம் செய்தி வந்தது: 'சாரி ஆன்ட்டி, மழை.' அடுத்த வாரமும் இதே கதை, காரணம்தான் வேறு. அதற்குள் பேட்டை நிர்வாக ஆட்கள் வந்து, பொது வழியை அடைத்ததாகப் பெட்டியில் எச்சரிக்கை ஒட்டிவிட்டுப் போனார்கள். என் வாழ்நாளில் என் வாசலில் ஒட்டப்பட்ட முதல் எச்சரிக்கை அது.

பிறகு சாப்பாட்டு மேசை கேட்டான். அதற்கு வந்தான். வந்து, மேசையைக் கையால் அமுக்கி ஆட்டிப் பார்த்தான்.

"என்ன ஆன்ட்டி, கால் ஆடுது?"

"ஒரு கால் ஆடும்னு முதல் வரியிலயே எழுதியிருக்கேனே."

"இப்படி ஆடும்னு எழுதலையே. சும்மா குடுக்குறதுன்னா குப்பையையா குடுப்பாங்க?"

ரொஹானி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். கேட்டும் கேட்காத மாதிரி குனிந்துகொண்டாள். அன்றைக்கே அவன் குழுவில் எழுதினான்: 'குவெக் ஆன்ட்டியோட ஆசி, ஆடுற மேசை. ஆசியா சாபமான்னு தெரியல.' அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. என்னிடம் தையல் இயந்திரம் வாங்கிப்போனவள்கூட ஒன்று போட்டிருந்தாள். யார் யார் போட்டது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், ஆபீசர். அன்று சோறு இறங்கவில்லை.

மகனுடைய மின்ஸ்கூட்டர்தான் கடைசியாக மீந்தது. பின்கட்டில் நின்றது. பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. இப்படிப்பட்டதைச் சார்ஜ் போடாதீர்கள், சொன்னால் வந்து எடுத்துப்போகிறோம் என்று எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நம்பரோடு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அந்த நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

குழுவில் படம் போட்டேன். 'ஆசி: மின்ஸ்கூட்டர், சார்ஜரோடு சேர்த்து.' குறை எதுவும் எழுதவில்லை.

டெஸ்மண்டுக்கு முன்னால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முறையை நான் மீறவில்லை. மூவரையும் வரிசைப்படி தனித்தனியாக அழைத்தேன். முதலில் கேட்டது ஜூலியானா என்ற ஆஸ்பத்திரித் தாதி. "பேட்டரி உப்பியிருக்கும்மா, உனக்கு வேண்டாம்" என்றேன். "ஐயோ, நல்லவேளை சொன்னீங்க ஆன்ட்டி. வீட்ல சின்னப் புள்ள இருக்கு" என்றாள். மற்ற இருவரிடமும் அதையே சொன்னேன். அவர்களும் விலகிக்கொண்டார்கள். நான்காவதாக அவன். அவனிடம், 'இருக்கிறது, வா' என்று மட்டும் எழுதினேன்.

அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஸ்கூட்டரைத் துடைத்து வைத்திருந்தேன். சார்ஜரைப் பையில் போட்டுக் கைப்பிடியில் கட்டியிருந்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே ஆன்ட்டி. யாருக்கும் விக்க மாட்டேன், எனக்குத்தான். அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. வீட்ல வேற ஆள் இல்ல. வேலை முடிஞ்சா ரயில் ஸ்டேஷன்லேருந்து சீக்கிரம் வந்துடலாம்ல."

"நல்லது" என்றேன்.

"சார்ஜ் எங்க போடுறது? தாழ்வாரத்துக்கு வயரை இழுத்துடலாமா?"

"வெளிய வைக்காதே. எச்சரிக்கை ஒட்டிடுவாங்க. வீட்டுக்குள்ள, கதவுகிட்ட வச்சுக்கோ. போகவர சுலபமா இருக்கும்."

அவன் தலையாட்டினான். ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போனவன், திரும்பி வந்தான்.

"ஆன்ட்டி, அந்த மேசை விஷயத்துல வாய விட்டுட்டேன். அம்மா கேட்டுட்டு நல்லாத் திட்டுனாங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் விடு" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கேலி செய்தது குழுவில், எல்லோருக்கும் தெரிய. மன்னிப்புக் கேட்டது என் வாசலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. குழுவில் ஒரு வரி எழுதியிருந்தால் என்னவாம்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. லிஃப்ட் வந்தது. அவன் போய்விட்டான்.

அன்றைக்கே அவன் அதைச் சார்ஜ் போட்டுவிட்டு, அம்மாவுக்குக் கஞ்சி வாங்கக் காப்பிக்கடைக்கு இறங்கியிருக்கிறான். என் சமையலறை ஜன்னலிலிருந்து எதிர் புளோக் நன்றாகத் தெரியும். புகை முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு கறுத்தது. ரொஹானி, "ஆன்ட்டி, தீ, தீ" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த துணியில் புகை நாற்றம் ஏறிவிடும் என்று நான் அதையெல்லாம் உள்ளே எடுத்து, ஜன்னலைச் சாத்தினேன். கதவோரம்தான் எரிந்தது என்றார்கள். கஞ்சிப் பையோடு ஓடிவந்தவனால் வாசலைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை என்றார்கள். உள்ளேயிருந்து அவன் அம்மா கூப்பிட்டது கீழ்த்தளம்வரை கேட்டதாம். என் ஜன்னல் சாத்தியிருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

அவன் அதை விற்றுவிடுவான் என்று நினைத்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். விற்க மாட்டேன் என்று அவனே சொன்னான் என்பதைத்தான் இப்போது கேட்டுவிட்டீர்களே.

திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள், எனக்கும் அலுத்துவிட்டது. பேட்டரி எரியும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். பின்கட்டில் சார்ஜ் போட்டபோது ஒரு தரம் புகைந்தது, நான்தான் பிடுங்கினேன். அதற்குப் பிறகு அதன் பக்கத்தில் என் செருப்பைக்கூட வைத்ததில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் கொடுத்தேன். எழுந்து ஓட முடியாத ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, கதவுகிட்ட வை என்று சொன்னதும் நான்தான்.

அப்படியே இதையும் சேர்த்து எழுதுங்கள், ஆபீசர். அவனிடம் நான் ஒரு காசுகூட வாங்கவில்லை.