மழையில் பேனல் துடைத்தவன்

வீட்டுக்குச் சோலார் போடலாமா என்று யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்வேன். பேனலைப் பார்த்து மயங்காதீர்கள், பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள். பேனலைக் கூரையில் ஏற்றிவிட்டால் அவ்வப்போது தூசி துடைப்பதோடு சரி. காசை விழுங்குவது பேட்டரிதான். எங்கள் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. பேட்டரி இல்லாமல் தெருலைனோடு மட்டும் இணைத்துக்கொண்டால் மலிவு. ஆனால் தெருவில் கரண்ட் போனால் அதுவும் கூடவே நின்றுவிடும். தலைக்கு மேல் வெயில் கொளுத்தும், வீட்டுக்குள் ஃபேன் சுற்றாது. இது பலருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது, சார்.

எங்கள் வீட்டில் கரண்ட் நிற்கக் கூடாது. காரணம் என் மாமனார்.

கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் ஆயுசு முழுக்க உழைத்தவர். மூக்கில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை. கடைசியில் நுரையீரல் கைவிரித்துவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய், அதுதான் அவர் உயிர். என் மனைவி அவருக்கு ஒரே பெண். எங்களோடு வைத்துக்கொண்டோம். சோலார் செலவு முழுவதும் அவருடையது. பட்டறையில் இருந்த தன் பங்கை விற்றுக் கொடுத்தார்.

"என் மூச்சை உங்க மொட்டைமாடில காயப் போட்டிருக்கேன் மாப்ள. காக்கா கொத்தாம பாத்துக்குங்க" என்பார். நல்ல மனிதர். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். மனைவிக்கு மருந்துக்கடையில் நல்ல வேலை, எனக்கு அச்சகத்தில் சுமாரான வேலை. நியாயமாகப் பார்த்தால் நான்தான் நிற்க வேண்டும். நின்றேன்.

அதன் பிறகு எங்கள் வீடு வானத்தைப் பார்த்து நடந்தது. வெயில் ஏறினால்தான் துணி துவைக்கலாம், இஸ்திரி போடலாம். மேகம் கூடினால் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வருவேன். கல்யாணமான புதிதில் மனைவி முகத்தில் விழித்தவன், இப்போது மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டர் முகத்தில் விழித்தேன். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் அன்றைய ராசிபலன். தெருமுனையை எட்டுவதற்குள் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

சோலார் போட வந்தவர், "இருபத்தஞ்சு வருஷம் கண்ண மூடிட்டு ஓடும் சார்" என்றார். பரிசோதித்த டாக்டர், "கரண்ட் இருக்கிற வரைக்கும் பெரியவருக்குப் பயமே இல்ல" என்றார். இரண்டும் நல்ல செய்திகள். மனைவி இரண்டு முறையும் அழுதாள், சந்தோஷத்தில். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பழைய முதலாளி வேறு ஊரில் கிளை தொடங்குவதாகவும், பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்றும் கூப்பிட்டார். மனைவியிடம் சொன்னேன்.

"கூரையில இருக்கிறத எல்லாம் கழட்டித் தூக்கிட்டுப் போக முடியுமாங்க? அப்பாவ விட்டுட்டு நான் எப்படி வரது?"

கேள்வியில் தப்பே இல்லை. உள்ளறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள. நான் என்ன, ஓடியா போய்டப் போறேன்? என் குழாய் கக்கூஸ் வரைக்கும்தான் வரும்."

மூவரும் சிரித்தோம். முதலாளிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். என் குழாய் அவருடையதைவிடச் சின்னது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

பிறகு புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்து தெருவே இருண்டது. நாள் கணக்கில் வெயில் இல்லை. நான் ஃபிரிட்ஜை நிறுத்தினேன், விளக்குகளைக் குறைத்தேன், மெஷினுக்கு மட்டும் விட்டுவைத்தேன். மழை மேகத்துக்கு நடுவிலும் பேனல் கொஞ்சம் கொஞ்சம் தரும். பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. என் நிர்வாகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

மதியம் மனைவி கடையிலிருந்து கூப்பிட்டாள். "பேட்டரி தாங்குமாங்க?"

தாங்கும். அது தாங்கும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சொல்ல முடியாது. வெயில் வரணும்" என்றேன்.

சாயங்காலம் அவள் நனைந்துகொண்டு வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அவரும்.

பேட்டரி காலி என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அடக்கம் முடிந்ததும் அவள் சோலார்காரரைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தாள். "நீங்க வித்த பேட்டரி எங்கப்பாவக் கொன்னுடுச்சு" என்றாள். நான் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான். அந்த மனிதர் பதறியடித்து ஓடிவந்து, இன்வெர்ட்டர் முன்னால் குந்தி, நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, அன்னிக்கு பேட்டரில பாதிக்கு மேல சார்ஜ் இருந்திருக்கு, இதுல பதிவாயிருக்கு. இது தானா நிக்கல. யாரோ அணைச்சிருக்காங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க இருந்தீங்க அப்போ?"

"மேல. பேனல் துடைச்சிட்டு இருந்தேன்."

"மழையிலயா?"

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உங்களைக் கூப்பிட்டது அவள்தான் என்று தெரியும். வருத்தமில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று காலை தரை துடைப்பதற்காக, மெஷின் நின்றால் மாட்டிக்கொள்ளக் கட்டிலருகே வைத்திருந்த உபரி ஆக்சிஜன் சிலிண்டரைச் சமையலறைக்கு நகர்த்தினேன். அதைத் திரும்ப வைக்கவில்லை. மனைவி போன் பேசி முடித்த பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுத் துணியோடு மாடிக்குப் போனேன். கரண்ட் போனால் அந்த மெஷின் கத்தும். மழையைத் தாண்டிக் கேட்டது. பிறகு "மாப்ள" என்று ஒரு குரல். தலையணை நழுவினால் கூப்பிடுவாரே, அதே குரல், பதற்றம் இல்லாமல். நான் வருவேன் என்று நிச்சயமாக நம்பினார். அப்புறம் கட்டில் கம்பியைத் தட்டினார். பேனல்கள் மழையில் ஏற்கெனவே பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றாக மறுபடியும் துடைத்தேன். தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் துடைத்தேன்.

இதைக் கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். கோபம் இருந்திருந்தால், அணைப்பதற்கு முன்னால் டீ போட்டுக் கொடுத்து, அவர் அதை நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்திருப்பேனா?