சிட்டு விலைபோகாத நாள்

ஹலீமா: போயிட்டாரா?

நெய்னா: போயிட்டாரு. மூக்கப் பொத்திக்கிட்டே போறாரு, கல்லுவண்டி முதலாளி.

ஹலீமா: உங்க கூடப்பொறந்த நானா என்ன சொன்னாரு?

நெய்னா: "நொண்டிக் குதிரைய எவன் வாங்குவான்? நீயே வெச்சுக்கடா"ன்னு எல்லார் முன்னாலயும் கத்திட்டுப் போறாரு.

ஹலீமா: அல்ஹம்துலில்லாஹ்! அப்ப சிட்டு நமக்குத்தான்!

நெய்னா: மெதுவாப் பேசு லா... தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டாரு.

ஹலீமா: கேக்கட்டுமே! குளம்பு அழுகிக் கெடந்தப்ப உங்க தலையில கட்டுனாரு. தேறுனதும் விக்க ஆளக் கூட்டியாறாரு. புக்கித் தீமா மலையில கல்லு இழுத்தா அந்தக் காலு என்னத்துக்கு ஆவும்?

நெய்னா: ஒரு மாசம் தாங்காது.

ஹலீமா: மழை பூரா நீங்க பட்ட பாடு! லாயத்துல பலகை போட்டு, மரத்தூள் கொட்டி, தெனம் குளம்பச் சொரண்டிக் கீலெண்ணெய் தடவி... பெத்த புள்ளைக்கு ஒரு நாள் நகம் வெட்டியிருப்பீங்களா?

நெய்னா: அதான் நீ இருக்கியே.

ஹலீமா: அது சரி... நேத்து நல்லா ஓடுன குதிரை, முதலாளியப் பாத்ததும் ஏன் நொண்டுச்சு?

நெய்னா: கடிவாளம் எங்கையிலதான இருந்துச்சு.

ஹலீமா: அதுக்கென்ன?

நெய்னா: கடிவாளத்த ஒரு பக்கமா வெடுக்குனு இழுத்துக்கிட்டே போனா... நொண்டுற மாதிரிதான் தெரியும்.

ஹலீமா: அட மனுஷா! ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்களே!

நெய்னா: சிரிக்காத புள்ள. நான் போய்க் குளம்பப் பாக்கணும்.

ஹலீமா: அதான் போயாச்சே?

நெய்னா: முதலாளி பின்னங்காலத் தூக்கி மோந்து பாத்தாரே... அந்த நாத்தம் நான் செஞ்சதில்ல. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து நாந்தான் சுத்தம் பண்ணேன். அப்ப ஒண்ணுமே இல்ல.

ஹலீமா: அதெல்லாம் ஒண்ணும் இருக்காது...

நெய்னா: உனக்கென்ன தெரியும்? போன தடவையும் மொதல்ல நாத்தம்தான் வந்துச்சு. மறுபடி அழுகுது ஹலீமா. இந்தத் தடவ தாங்காது... சுட்டுடச் சொல்லுவாங்க.

ஹலீமா: ஐயோ, வாயக் கழுவுங்க!

நெய்னா: அந்த வளைஞ்ச கத்திய எடு. உள்ள வரைக்கும் செதுக்கிப் பாத்துடறேன்.

ஹலீமா: கத்தி வேணாம்!

நெய்னா: ஏன்?

ஹலீமா: காலையில... சோத்துக்குச் சம்பல் இல்லன்னு சண்ட போட்டீங்கல்ல...

நெய்னா: இப்ப அதுவா முக்கியம்? கத்திய எடும்மா!

ஹலீமா: எடுக்க மாட்டேன். சம்பலுக்குன்னு இடிச்சு வெச்சிருந்த, அந்த நாத்தம் புடிச்ச எறா பெலாச்சான் விழுது பூராத்தையும் சிட்டு குளம்புலதான் அப்பியிருக்கேன்... போய்க் கழுவிட்டு, ஈரம் போகத் தொடச்சு விடுங்க!