மீட்டா பேருக்குக் கீழே

ஹலோ... ஆமா, மீட்டா ஃபோன்தான்... மீட்டா இல்லம்மா, நான் அவ அப்பா... கொஞ்சம் சத்தமாப் பேசு, வெளிய பொம்பளைங்க பாத்திரம் உருட்டிக்கிட்டு இருக்காங்க... யாரு?... அனெலி. எந்த அனெலி?... கேப் டவுன்லேருந்தா... ஓ. மொழித் திருவிழா ஆளுங்களா.

அவகிட்ட குடுக்க முடியாது... இல்ல, அப்புறம் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டா. செத்துப் போயிட்டா... திங்கக்கிழமை... ஆமா. இன்னிக்கு வியாழன். மூணு நாள் ஆச்சு.

ஹலோ... இருக்கியா... இருந்தா சரி. லைன் போச்சோன்னு பாத்தேன்.

பள்ளிக்கூட சமையக்கட்டுல. அங்கதான அவளுக்கு வேலை. காலைல சோளக்கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்திருக்கா. கரண்டியக் கீழ வெச்சுட்டு, தலை வலிக்குதுன்னு உக்காந்தாளாம். அவ்வளவுதான்... நாப்பத்தாறு வயசு... மூளையில ரத்தக்குழாய்னாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கஞ்சியே ஆறிப்போச்சு... ம்... ம்... சரி... சரி, சொல்லிட்டேல்ல, போதும். அழாதம்மா. இந்த ஃபோன்ல பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு. என்ன சொல்ல வந்தியோ அதச் சொல்லு.

சார்ஜரா? சார்ஜர் இருக்கு, கரண்ட் இல்ல. நாலு மணிக்குத்தான் விடுவான். இதத் திறக்கற நம்பரும் யாருக்கும் தெரியாது. வர்ற ஃபோன எடுக்கலாம், அவ்வளவுதான். அணைஞ்சிருச்சுன்னா அணைஞ்சதுதான்... வேற நம்பரா? கோபஸ்கிட்ட ஃபோன் இருக்கு, மீட்டாவோட ஆட்டக் குழுவுல கிட்டார் வாசிக்கிறானே அவன். அவன் நம்பர் இந்த ஃபோனுக்குள்ளதான் இருக்கு.

லெட்டி, இங்க நின்னு வாயப் பாக்காத. கிழங்கு இன்னும் இருந்தா கொண்டா... ஒண்ணுமில்ல, என் கொழுந்தியாகிட்ட பேசினேன். உருளைக்கிழங்கு சீவிக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் ஜெபத்துக்கு ஆளுங்க வருவாங்க. சும்மா உக்காந்திருக்காதன்னு கையில கத்தியக் குடுத்துட்டாங்க.

அடக்கம் சனிக்கிழமை. எங்க ரூய்பான் ஊர்ல செத்தவங்க எல்லாரும் சனிக்கிழமைக்குத்தான் காத்துக் கிடப்பாங்க... தெரியும். உங்க விழாவும் சனிக்கிழமைதான். ரெண்டு மாசமா இந்த வீட்டுல வேற பேச்சு ஏது.

சொல்லு, எதுக்குக் கூப்பிட்ட... பஸ்ஸு... ம்... பதினாலு பேரு, ஆமா. பதினாலுல ஒண்ணு கழிச்சுக்கோ... என்ன தட்டு?... அவளுக்கு வெள்ளித் தட்டா. என்ன எழுதியிருக்கு அதுல... 'சமூகத் தலைவி'... 'கலையால் ஆஃப்ரிகான்ஸ் மொழியை'... சரி சரி, புரியுது. அவகிட்ட சொல்லியிருந்தீங்களா... இன்னிக்குச் சொல்லத்தான் கூப்பிட்டியா. சரி. மூணு நாள் பிந்திட்ட.

இங்க யாரும் அவளத் தலைவின்னு கூப்பிட்டதில்லம்மா. தொல்லைன்னு கூப்பிட்டிருக்காங்க. செவ்வாக்கிழமை ஆனா வீடு வீடாப் போயி டிவிய அணைப்பா. கேக்கவே மாட்டா. நேரா உள்ள போவா, அணைப்பா, 'எந்திரி, உன் வாயும் காலும் துருப் பிடிச்சுக் கிடக்கு'ம்பா. சர்ச்சுக்குப் பின்னால வெறுந்தரையில ஆட்டம் பழகக் கொண்டுபோய் நிறுத்துவா. அப்படிச் சேத்ததுதான் மத்தப் பதிமூணு பேரும். மட்டன் கடைக்காரன் பொண்டாட்டி கதவப் பூட்டிக்கிட்டாளாம், சன்னல் வழியா ஏறிப் போயி அணைச்சிருக்கா... சிரி, பரவால்ல. நடந்ததுதான்.

யாரு பேசணும்?... மூணு நிமிஷமா... நானா. எதப் பத்தி... 'ஆஃப்ரிகான்ஸ் எனக்கு என்ன'. அதான் தலைப்பா. இரு, கத்தியக் கீழ வெச்சுக்கறேன்.

என்னன்னு சொல்றது. எங்கப்பன முதலாளி திட்டினது அதுலதான். எங்கம்மா எனக்குப் பேன் பாத்துக்கிட்டே கதை சொன்னதும் அதுலதான். நாங்க பேசினா அது மொழியே இல்ல, சமையக்கட்டுப் பேச்சுன்னு வெள்ளக்காரங்க நீங்க சொன்னீங்க... நீ சொல்லலம்மா. நீ அப்பப் பொறந்திருக்க மாட்ட. உன் தாத்தன் சொல்லியிருப்பான், போய்க் கேளு... அவரும் செத்துட்டாரா. சரி, விடு. இப்ப அதே பேச்சுக்கு மைக்கு வெச்சுத் தட்டு குடுக்கறீங்க. குடுங்க. நான் ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் போனவன். மூணு நிமிஷம் பேச மாட்டேன்.

என்ன சொன்ன?... மௌனமா. ஒரு நிமிஷம்... எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்களா. மொழிக்கு விழா எடுக்கறீங்க, அதுல எதுக்கும்மா மௌனம்? அவ தூக்கத்துலயும் சும்மா இருந்ததில்ல. வேண்டாம்.

படமா... திரையிலயா... எந்தப் படம்? மூஞ்சி இருக்கா, காலு மட்டுமா?... சும்மா கேக்கல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க விழாவுக்கு நான் ஆடினேன். மறுவருஷம் ரோட்டோரம் பெருசா ஒரு விளம்பரம், அதுல ரெண்டு காலு. தூசி பறக்குது, தோல் ஷூ, கணுக்கால்ல தழும்பு. என் காலு. பேரு இல்ல, மூஞ்சி இல்ல. கேக்கவும் இல்ல. முழங்காலோட வெட்டிட்டாங்க. ஊரே சிரிச்சுது, 'பெட்ரூஸ், மிச்சம் எங்கப்பா'ன்னு... நீ அப்ப அங்க வேலை பாக்கல. எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. யாரக் கேட்டாலும் அப்ப நான் இல்லங்கறீங்க.

அதோட விட்டவன்தான். அவ விடல. இந்த ஈஸ்டர் அன்னிக்கு என் பக்கத்துல வந்து உக்காந்து, 'அப்பா, நீயும் வா, ஒரே ஒரு தடவ'ன்னு உயிர எடுத்தா. கால மட்டும் வேணும்னா வெட்டி எடுத்துக்கிட்டுப் போன்னேன். அவளும் ஏதோ சொன்னா, நானும் சொன்னேன். என் ஆட்ட ஷூவத் தூக்கி வெளிய குப்பை டிரம்முல வீசினேன். அப்புறம் அவ அதப் பத்தி வாயத் திறக்கல. நானும் கேக்கல.

என்னது... லெட்டி, நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல... என்ன ஷூ?... கறுப்பா, ப்ரவுனா... எனக்கு எப்படித் தெரியும் பொம்பள ஷூவு. கறுப்பு... இரும்மா, ஒரு நிமிஷம். அடக்கம் பண்ற கடை ஆளு வந்து நிக்கறான், அவளுக்குப் போட்டு விடறதுக்குத் துணி கேக்கறான்... லெட்டி, அது என்ன கையில... அது அவளது இல்ல. அளவப் பாத்தா தெரியல? அது பெருசு. குடு இங்க... அது என்னோட ஆட்ட ஷூ.

எங்க கிடந்துச்சு... அவ அலமாரியிலயா. துணிக்குக் கீழயா... அடித்தோல் புதுசா இருக்கு. யாரு தெச்சா... தெரியாதா. சரி. இங்க வை... பெஞ்சுமேல இல்ல, கீழ வை.

ஹலோ... இருக்கேன்... ஒண்ணுமில்ல. ஷூ. சொல்லு.

இப்பவே சொல்லணுமா?... இன்னிக்கு மதியத்துக்குள்ளயா... குழு வரலன்னா அந்த நேரத்த வேற குழுவுக்குக் குடுத்துருவீங்க. புரியுது. குடுத்துருங்க... யாரு கூவறது? நீ பாத்திருக்கியா புழுதி ஆட்டம்? முன்னாடி ஒரு ஆளு நின்னு வரி வரியாக் கூவணும். அதக் கேட்டுத்தான் காலு போகும். மீட்டாதான் அது. அவ இல்லாம மத்தவங்க கால் கட்டின கோழி மாதிரி நிப்பாங்க. இல்லன்னு எழுதிக்கோ. 'ரூய்பான் செம்புழுதிக் குழு, வரல.' எழுதிட்டியா?... ஏன் எழுதல.

என்ன ஃபாரம்?... அவ நிரப்பினதா... பதில் ஆளா. எல்லாக் குழுவும் எழுதணுமா, தலைவருக்கு முடியாமப் போனா யாருன்னு... எழுதியிருக்காளா? கோபஸா? அவனுக்குக் கிட்டார்ல அஞ்சு கம்பி தெரியும், ஆறாவது தெரியாது... அவன் இல்லியா. அப்ப யாரு?

...

இன்னொரு தடவ படி.

...

அது நான்தான்... ஆமா. பெட்ரூஸ் கூப்மன் நான்தான். இந்த ஊர்ல இன்னொரு பெட்ரூஸ் கூப்மன் இருந்தான், எங்கப்பன். அவன எழுதியிருக்க மாட்டா... எங்க எழுதியிருக்கு?... அவ பேருக்குக் கீழயே.

தேதி போட்டிருக்கா... எட்டா? ஏப்ரல் எட்டு. லெட்டி, இந்த வருஷம் ஈஸ்டர் என்னிக்கு... அஞ்சாந்தேதி ஞாயிறு... அப்ப எட்டு, புதன்... சண்டை போட்டு மூணாம் நாளு. அன்னிக்குப் புதன்கிழமை எனக்குச் சாப்பாடு போட்டுட்டுப் பேசாம உள்ள போனா. மேசையில உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துக்கு வெங்காயம் வாங்கற லிஸ்ட்டுன்னு நினைச்சேன்.

ம்... இருக்கேன்... வேற ஏதாவது எழுதியிருக்காளா?... குறிப்புன்னு ஒரு கட்டமா. படி. மெதுவா படி, எனக்குக் காது... 'இந்த ஆட்டம் இவரோடது'... ம்... 'முதல்ல முடியாதும்பார்'... ம்... 'ரெண்டாவது தடவ கேளுங்க.'

அவ்வளவுதானா... முடிஞ்சுதா. சரி.

இரும்மா, பீப் பீப்னு என்னவோ சத்தம் போடுது... பேட்டரிதான். சிவப்பாக் காட்டுது... தெரியல, எவ்வளவு நேரம்னு அது சொல்லாது.

நீ இன்னும் ரெண்டாவது தடவ கேக்கல... இல்ல, தட்டுக்கும் பேச்சுக்கும் கேட்டது கணக்கில்ல. கூவறதுக்கு நீ கேக்கவே இல்ல, நானே முந்திக்கிட்டு வரலன்னு சொன்னேன். அது ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்... ம். கேளு.

...

ம்... கேட்டுச்சு.

பஸ் எத்தன மணிக்கு?... பதினொண்ணா. முடியாது. அடக்கம் பத்துக்கு ஆரம்பிக்கும். போதகர் லேசுல விட மாட்டாரு, அவர் டிவியவும் ரெண்டு தடவ அணைச்சிருக்கா, அதையெல்லாம் சொல்லுவாரு. பொட்டியத் தூக்கறதே குழு ஆளுங்கதான். மண்ணு போட்டு முடிக்கப் பன்னெண்டு ஆகும்... ரெண்டரை மணி நேர ஓட்டமா. அப்ப நாலு மணிக்கு மேடை, சரியா வரும்... ஞாயித்துக்கிழமைக்கு மாத்த வேண்டாம். ஞாயித்துக்கிழமை என் காலு நான் சொன்னபடி கேக்காது. அன்னிக்கே ஆகட்டும்.

எழுதிக்கோ. பஸ் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம். கல்லறை வாசலுக்கு வரட்டும்... ஆமா, கல்லறைக்குத்தான். ஊருக்கு வெளிய, தண்ணித் தொட்டி தாண்டி, ஒரே ஒரு இரும்பு கேட்டு. டிரைவர்கிட்ட ஹாரன் அடிக்காதன்னு சொல்லு. நாங்க அங்கேருந்து நேரா ஏறிக்கறோம்... உடுப்பா? அடக்கத்துக்கே ஆட்ட உடுப்போட வருவாங்க. வீட்டுக்குப் போய் மாத்த நேரம் ஏது. போதகர் என்னமும் சொல்லட்டும்.

அப்புறம் இதையும் எழுது. ஷூவுல மண்ணு இருக்கும். போன தடவ மேடை ஏறும்போது ஒருத்தி துணியோட ஓடி வந்தா, பலகை கெட்டுரும்னு எங்க ஷூவத் துடைக்க. இந்தத் தடவ யாரும் துடைக்க வரக்கூடாது... அந்த மண்ணோடதான் ஏறுவோம்... ஆமா. அவ்வளவுதான் காரணம்.

பேரா? மாத்தாத. அவ பேரு முதல்ல இருக்கட்டும், என் பேரு கீழ, அவ எழுதினபடியே... இல்ல, செத்துட்டான்னு பக்கத்துல எழுத வேண்டாம். ஊருக்கே தெரியும்... தட்ட லெட்டி வந்து வாங்கிக்குவா. எனக்குக் கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, கூவும்போது கை வேணும்... பேச மாட்டேன். அத மட்டும் ரெண்டு தடவ கேட்டாலும் மாட்டேன்.

சரியாச் சொல்லு பாப்போம், என்ன எழுதின... பன்னெண்டு மணி... ம்... எந்த இடம்?... எந்த இடம்னு எழுதின, அதச் சொல்லு... ஹலோ.

ஹலோ... ஹலோ.

லெட்டி. அணைஞ்சிருச்சு... தெரியல. கல்லறை வாசல்னு சொன்னேன். எழுதிக்கிட்டாளோ, பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவாளோ... அனுப்பினா அனுப்பட்டும். கல்லறையிலேருந்து பள்ளிக்கூடம் நடக்கற தூரம்தான்.

கோபஸ வரச் சொல்லு, அவன்கிட்ட பேசணும். கறுப்பு ஷூவ அந்த ஆளுகிட்ட குடுத்து அனுப்பு, எவ்வளவு நேரம் நிப்பான்... இத எங்க கொண்டு போற? இங்கயே இருக்கட்டும். அடுப்புப் பக்கம் வைக்காத, தோலு சுருங்கிரும்.