மேடம் ஆய்வுக்கு வர்றாங்க

கணவன்: ...இல்ல, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. நாற்காலி மேல எதுக்கு 'நாற்காலி'ன்னு எழுதி ஒட்டியிருக்க? அதுக்கே சந்தேகம் வந்துடுச்சா?

மனைவி: கையை எடுங்க. பசை இன்னும் காயல.

கணவன்: சரி. என் செருப்பைச் சுத்தி மஞ்சக் கோடு?

மனைவி: அதது அதது இடத்துல இருக்கணும். இல்லேன்னா இல்லைன்னு பாத்த உடனே தெரியணும்.

கணவன்: நல்லாத் தெரிஞ்சுது. காலையில கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பாக்கறேன், வாசல்ல வெறும் கோடு மட்டும் கிடக்கு. செத்து விழுந்தவனைச் சுத்தி போலீஸ் வரைஞ்ச மாதிரி. ஒரு நிமிஷம் போனது நான்தானோன்னு...

மனைவி: பேசுங்க, பேசுங்க. ஃபேக்டரில நான் வாயைத் திறந்தா ஒரு ஷிஃப்டே கையைக் கட்டிக்கிட்டுக் கேக்குது. இங்க ஒரு ஆள் கேக்க மாட்டேங்குது.

கணவன்: அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்களே.

மனைவி: ஜப்பான்காரன் என்ன மலையையா புரட்டச் சொன்னான்? அஞ்சே விஷயம். வேண்டாததைப் பிரி. வேண்டியதுக்கு இடம் வை. துடை. அதையே வழக்கமாக்கு. அஞ்சாவது, யாரும் சொல்லாமலே செய்.

கணவன்: யாரும் சொல்லாமலே செய்யணுமா?

மனைவி: ஆமா.

கணவன்: அதைத்தான் நீ விடிஞ்சதுலேர்ந்து சொல்லிக்கிட்டே இருக்கியா?

மனைவி: சிரிங்க. இன்னிக்கு எங்க மேனேஜர் மேடம் வந்து வீட்டைப் பாத்து பாஸ் போட்டாங்கன்னா பயிற்சிப் பிரிவு எனக்கு. பகல் வேலை, உக்காந்து பாக்கற வேலை. இல்லேன்னா திரும்ப லைன்ல நின்னு திருகாணி முடுக்கணும். சொந்த வீட்டையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ நமக்கு என்னத்தைச் சொல்லித்தருவான்னு பெயின்ட் பிரிவு ஆளுங்க இப்பவே கேட்டாச்சு.

கணவன்: உக்கார நாற்காலிதானே வேணும்? இதோ, எழுதியே ஒட்டியிருக்கு...

மனைவி: விளையாடாதீங்க. எனக்கு இந்த வேலை வேணும். ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா முட்டி ரெண்டும் என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

கணவன்: ...தெரியும். அதனாலதானே என் சாமானையெல்லாம் எடுத்துட்டேன்.

மனைவி: அதான் எனக்கு நம்பவே முடியல. கட்டிலுக்கு அடியில கையை விட்டா ஃபேன் இறக்கை கிழிக்கும். குளிக்கப் போனா வாஷிங் மெஷின் மோட்டார் உக்காந்திருக்கும். ரிப்பேர் கடையில வைக்க இடமில்லைன்னு வீட்டுல கொண்டு வந்து கொட்டின மனுஷன்... எல்லாத்தையும் இரும்புக் கடைக்கா போட்டீங்க? அழுதீங்களா?

கணவன்: தூக்கிட்டுப் போனவன்தான் அழுதான். ஆமா, ஒரு வருஷமாத் தொடாத பொருளுக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியேத்தணும்னியே, உன் துணிப் பெட்டி எங்க?

மனைவி: அது... தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். பெல் அடிக்குது பாருங்க! சட்டையை இழுத்து விடுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க.

மேனேஜர்: உள்ள வரலாமா? செருப்பை எங்க... ஓ, கோடு போட்டிருக்கா?

கணவன்: விருந்தாளிக்குத் தனிக் கோடு மேடம். கால் அளவு தெரியல, உத்தேசமாப் போட்டுட்டா.

மனைவி: அவர் அப்படித்தான் மேடம், கண்டுக்காதீங்க. கீழ் வீட்டுலதான் இருக்கீங்க, இப்பதான் முதல் தடவையா எங்க வீட்டுக்கு வர்றீங்க.

மேனேஜர்: கம்பெனிக் குடியிருப்புன்னா அப்படித்தாம்மா. படியில பாத்துச் சிரிச்சுட்டுப் போயிடறோம்.

மனைவி: போன மாசம் உங்க வீட்டு ஃபோட்டோவை ஃபேக்டரி போர்டுல போட்டிருந்தாங்களே... கண்ணை எடுக்க முடியல மேடம். குடியிருப்புலேயே ஒழுங்கான வீடுன்னு முதல் பரிசுன்னா சும்மாவா!

மேனேஜர்: அது... ஏதோ நம்மால முடிஞ்சது.

கணவன்: ஆளே குடியில்லாத வீடு மாதிரி இருந்துச்சு.

மனைவி: ஏங்க!

கணவன்: பாராட்டித்தான் சொல்றேன்.

மேனேஜர்: சார், வாங்க, உங்களையே கேக்கறேன். கத்திரிக்கோலை எடுங்க பாப்போம். தேடக் கூடாது, நேரா எடுக்கணும்.

கணவன்: இந்த இழுப்பறை... இதோ. அட! கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வீட்டுல கத்திரிக்கோலைத் தேடித்தான் பழக்கம் மேடம். கிடைச்சதே இல்ல.

மேனேஜர்: நல்லா இருக்கும்மா. சமையலறை, அலமாரி, எல்லாமே சுத்தம். பாஸ் போட வேண்டியதுதான். ஒரே ஒரு விஷயம் கேக்கணும்...

மனைவி: கேளுங்க மேடம்.

மேனேஜர்: மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, பூட்டின ரூம் ஒண்ணு இருக்கே. அதை யாராவது திறந்தாங்களா?

கணவன்: எந்த ரூம் மேடம்?

மேனேஜர்: இருக்கறதே ஒண்ணுதான் சார். நேத்துப் பாத்தேன், பூட்டைத் திருப்பி மாட்டியிருக்கு. வாட்ச்மேன்கிட்ட ஒரு சாவி இருக்கு. கேட்டா வாய்க்குள்ளேயே முனகறான். யார் கேட்டாலும் எடுத்துக் குடுத்துடறான் போல. அவனை என்ன பண்றதுன்னே தெரியல.

மனைவி: ...உக்காருங்க மேடம், தண்ணி கொண்டு வரேன். ஏங்க, கொஞ்சம் சமையலறைக்கு வாங்களேன்.

கணவன்: தண்ணி எடுக்க ரெண்டு பேரா?

மனைவி: மெதுவாப் பேசுங்க, கூடத்துல கேக்கும். உங்க சாமானை எடுத்தது எந்த இரும்புக் கடை?

கணவன்: ...மொட்டை மாடிதான்.

மனைவி: அடப்பாவி மனுஷா!

கணவன்: ஒரு வாரத்துக்குத்தான். வாட்ச்மேனோட ரேடியோவைச் சரி பண்ணிக் குடுத்தேன், சாவியைக் குடுத்தான். அங்க போனா எவனோ ஏற்கெனவே கண்டதையும் போட்டு அடைச்சு வெச்சிருக்கான். நீலத் துணி சுத்தின பெட்டி ஒண்ணு வேற, தூக்கினா இடுப்பு போச்சு. அதை நகத்த முடியாம அதுக்கு மேலேயே மோட்டாரை வெச்சுட்டேன்.

மனைவி: எதுக்கு மேல?

கணவன்: அந்த நீலத் துணி சுத்தின பெட்டிக்கு மேல.

மனைவி: எண்ணெய் வடியற மோட்டாரையா? என் நல்ல துணியெல்லாம் அதுலதானே இருக்கு!

கணவன்: அது தங்கச்சி வீட்டுக்குல்ல போச்சு?

மனைவி: அவ வீட்டுல இடம் இல்ல.

கணவன்: அவ சொன்னாளா?

மனைவி: ...நான் கேக்கல.

கணவன்: ஊருக்கே வகுப்பு எடுக்கறவ...

மனைவி: இப்ப அதுவா முக்கியம்? மேடம் கண்டுபிடிச்சுட்டாங்க. அதான் வந்ததுலேர்ந்து முகமே சரியில்ல.

கணவன்: திருடன் பூட்டைத் திறந்திருக்கான்னு சொல்லிடலாம்.

மனைவி: திறந்து? உள்ள மோட்டாரைக் கொண்டு வந்து வெச்சுட்டுப் போயிட்டானா?

கணவன்: நல்ல திருடன்.

மனைவி: நான் போய் உண்மையைச் சொல்லிடப் போறேன்.

கணவன்: பைத்தியமா உனக்கு? பாஸ்னு வாயால சொல்லிட்டாங்க. பேசாம இரு, போயிடுவாங்க.

மனைவி: நேரா வாட்ச்மேன்கிட்டதான் போவாங்க. அந்தாளு வேலை போயிடும். அவன் வேலையைத் தின்னுட்டு நான் அங்க போய் உக்காந்து ஒழுங்கு சொல்லித் தரணுமா? என்னால முடியாதுங்க.

கணவன்: உன் முட்டி?

மனைவி: வலிக்கட்டும். ஆசைப்பட்டேன்... பரவாயில்ல.

கணவன்: ...இரு. நானும் வரேன். மோட்டார் என்னுது.

மனைவி: மேடம், தண்ணி எடுத்துக்குங்க. அப்புறம்... வாட்ச்மேனை ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த ரூமைத் திறந்தது நாங்கதான். இவரோட பழைய சாமான், என் துணிப் பெட்டி, எல்லாம் அங்கதான் கிடக்கு. நீங்க இங்க பாத்த சுத்தமெல்லாம் இன்னிக்கு ஒரு நாளைக்குப் போட்ட வேஷம். பாஸ் போடாதீங்க மேடம்.

கணவன்: அவளுது ஒரே ஒரு பெட்டி. மத்ததெல்லாம் நான்தான்.

மேனேஜர்: ரெண்டு பேரும் சேர்ந்தா கொண்டு போனீங்க?

கணவன்: இல்ல மேடம். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்.

மேனேஜர்: கதவைத் திறந்தப்ப... உள்ள இருந்து எதுவும் மேல விழலையா?

கணவன்: விழாம? நின்ன இடத்துலேயே நடக்கற மெஷின் ஒண்ணு, கதவுல சாஞ்சு நின்னது, நேரா என் தோள்மேல! எந்த மகராசன் வாங்கினானோ, ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கல.

மேனேஜர்: எங்க வீட்டுக்காரர்தான் சார், என் பிறந்தநாளுக்கு வாங்கினார். போன மாசம் ஆய்வுக்கு முந்தின நாள் அதையும் எங்க பாதி வீட்டையும் வாட்ச்மேன்தான் மேல ஏத்தினான், பரிசு வாங்கின வீடுன்னு தினம் யாராவது பாக்க வர்றாங்க, இன்னும் ஒரு கரண்டியைக்கூட இறக்க முடியல... நீங்க உக்காருங்கம்மா, முட்டி வலிக்கப் போகுது, பாஸ் போட்டாச்சு. நான் பூட்டும்போதே கதவு மூட மாட்டேன்னுச்சே, அதுக்கப்புறமும் இவ்வளவை எப்படி உள்ள அடுக்கினீங்கன்னு முதல் வகுப்புல சொல்லிக்குடுங்க, நானும் வந்து உக்காந்துக்கறேன்.