நாலாவது ஜன்னல்

— உள்ளே எண்ணினா மூணு, வெளியே எண்ணினா நாலு. மாடிக்கு மூணு தடவை ஏறி இறங்கிட்டேன், மிசஸ் மாப்ஸ். ஒவ்வொரு தடவையும் அந்த உத்தரத்துல தலையை இடிச்சுக்கிட்டேன்.

— முப்பது தடவை ஏறினாலும் மூணுதான், மிஸ்டர் லார்ட்டர். அரண்மனை எஸ்டேட் ஆபீஸ்ல அளவு நாடா மட்டும்தான் கொடுத்து அனுப்புவாங்களா? விவரம் சொல்ல மாட்டாங்களா?

— விவரம் எழுதறதே என் பொறுப்புதான். செப்டம்பர் கடைசியில வர்ற மைக்கேல்மஸ் திருநாளோட உங்க கெடு முடியுது. திங்கட்கிழமை சாவி கைக்கு வந்ததும் கொத்தனார்கள் வந்துடுவாங்க. நீங்களே சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

— நாலாவது ஜன்னலுக்குப் பின்னாடி அடுப்படிப் புகைபோக்கி ஏறுது. நிஜ ஜன்னல் வைக்க இடம் ஏது? செங்கல் மேல சட்டம் அடிச்சு, கண்ணாடி மாதிரி சாயம் பூசி வச்சுட்டாங்க. வெளியில தெரியற கறுப்பு மரச்சட்டமெல்லாம்கூட அப்படித்தான். தட்டிப் பாருங்க, அரை அங்குலப் பலகை.

— எதுக்கு இவ்வளவு ஜோடனை?

— பழைய ராணியம்மா தினம் நாலு மணிக்குக் குதிரை வண்டியில இந்தப் பக்கம் போவாங்களாம். வண்டியிலேர்ந்து பார்க்க அழகா இருக்கணும்னு கட்டின வீடு. அதான் முன்பக்கம் ரோஜாக்கொடி, பின்பக்கம் பூரா ஓதம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்கு ஒருத்தரா வந்து நிக்கணும். குடியிருக்கறதுக்கான ஒப்பந்தக் கடுதாசியிலேயே எழுதியிருக்கு. சிரிக்கவும் சிரிக்கணும்.

— சிரிக்கணும்னுமா எழுதியிருக்கு?

— ஆமா பின்ன. "மலர்ந்த முகத்துடன்"னு போட்டிருக்கு. ஒரு நாள் ராணியம்மா கேட்டுட்டாங்க, நாலாவது ஜன்னல்ல மட்டும் ஏன் யாருமே நிக்கறதில்லன்னு. அது செங்கல்னு சொல்ல யாருக்குத் தைரியம்? மறுநாளே ஒரு ஓவியரைக் கூட்டி வந்து, அப்போ இங்க இருந்த தோட்டக்காரர் பெண்டாட்டியை அதுல வரைய வச்சாங்க. வெள்ளைத் தொப்பியும் அவளுமா. சாயம் காயறதுக்குள்ள அவ போய்ச் சேர்ந்துட்டா.

— ஐயோ பாவம். அதுக்கப்புறம் யார் யார் வரைஞ்சாங்க? வரிசையாச் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

— யாரும் வரையல.

— அதெப்படி? ஆபீஸ் பதிவுல, அந்த ஜன்னல்ல ஒரு காலத்துல ஒரு தாடிக்காரர் படம், இன்னொரு காலத்துல ரெண்டு சகோதரிகள் படம்னு இருக்கே.

— எல்லாரும் இங்க குடியிருந்தவங்க. சாகறதுக்கு எட்டுப் பத்து நாள் முன்னாடி அதுல வந்துடுவாங்க. என் வீட்டுக்காரர் ஏபல் மார்ச்சுல வந்தார். துணி காயப்போடறப்ப நிமிர்ந்து பார்த்தா, பச்சை மப்ளர் சுத்திக்கிட்டு நிக்கறார். அந்த மப்ளர் அப்போ பாதிதான் பின்னியிருந்தேன். ஊசியோட என் கூடையில கிடக்குது.

— நீங்க என்ன பண்ணீங்க?

— அப்போ புரியல தம்பி. படம் நல்லா வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு, அதைப் பார்த்துப் பார்த்தே பின்னி முடிச்சேன். கழுத்துல சுத்திக்கிட்டு வேட்டைக் கோழிகளுக்குத் தீனி போடப் போனார். வேலியில சாஞ்சு உட்கார்ந்த மேனிக்கே கிடைச்சார்.

— வருத்தமா இருக்கு, மிசஸ் மாப்ஸ். ஆனா இதையெல்லாம் அறிக்கையில எழுத முடியாது. இது வேட்டைக்காவலர் வீடு. அவர் போனதுக்கப்புறமும் ஆறு மாசம் விட்டு வச்சாங்க. டவுன் முதியோர் விடுதியில உங்களுக்கு நல்ல அறையாப் பார்த்து...

— பார்த்துட்டு வந்தேன். சுவரைப் பார்க்க ஒரு கட்டில். அதுகூடப் போகட்டும். நீங்க புகைபோக்கியை எடுத்துட்டு, அந்தச் செங்கல்லை இடிச்சு நிஜ ஜன்னல் வைக்கப் போறீங்களாமே. என் ஏபலை எந்தக் குப்பைமேட்டுல கொட்டுவீங்க?

— முதல்ல அது என்ன நிலையில இருக்குன்னு பார்க்கணும். ஐவிக்கொடி மூடிக் கிடக்கு. ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?

— பிடிச்சுக்கறேன். கோடை பூரா வளர்ந்துடுச்சு. இப்பல்லாம் அவர் தொப்பி மட்டும்தான் தெரியுது. தினம் நாலு மணிக்கு அதைப் பார்த்துக் கையாட்டுவேன். சிரிக்காதீங்க. ஆமா, நீங்க கொடுத்த இந்தப் பொட்டலத்தை எங்க வைக்க?

— கக்கத்துலயே இருக்கட்டும், புல்லு ஈரமா இருக்கு. ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து வாங்கினது. விடுதிக்குப் போனப்புறம் பிரிக்கணுமாம்.

— வெளியே தள்றதுக்குப் பரிசு வேற. மெதுவா வெட்டுங்க தம்பி, அவர் முகத்துல கத்தி பட்டுடப் போகுது.

— படாது... இதோ தொப்பி. மீசை. பச்சை மப்ளர். அடேயப்பா, கூப்பிட்டா திரும்பிடுவார் போல இருக்கு.

— சிரிக்கறாரா?

— சிரிக்கறார். ஆனா வெளியே பார்க்கல. பக்கத்துல பார்க்கறார்.

— பக்கத்துல என்ன இருக்கு? அவர் நடுவுலதானே நின்னார்.

— இல்லையே, இடப்பக்கமா ஒதுங்கி நிக்கறார். யாருக்கோ இடம் விட்ட மாதிரி. இருங்க, இந்தக் கொடியையும் இழுத்துடறேன்.

— என்ன தம்பி, ஏணி ஆடுது?

— சாயம் விரல்ல ஒட்டுது.

— மழை ஈரமா இருக்கும்.

— மிசஸ் மாப்ஸ்... உங்ககிட்ட நீலச் சால்வை இருக்கா? வெள்ளைக் குஞ்சம் வச்சது?

— நீலம் எங்கிட்ட எப்பவுமே கிடையாது. ஏபல் போனதிலேர்ந்து கறுப்புதான். ஏன் கேக்கறீங்க? யாரு அங்க?

— யாருமில்ல. வெயில் கண்ணைக் கூசுது.

— சிரிக்கறாளா அவ?

— ...மலர்ந்த முகத்தோட.

— அப்போ சரி.

— அந்தப் பொட்டலத்தைக் கீழே வைங்க. நான் ஆபீஸுக்கே திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன். நேத்து அதை மடிச்சுக் கட்டினவன் நான்தான், எனக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்குன்னு.

— புல்லு ஈரமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.

— பரவாயில்ல, வைங்க! இடிக்கக் கூடாதுன்னு எழுதறேன். இந்தச் சுவர்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. நீங்க அந்த விடுதியில இன்னும் இருபது வருஷம் நல்லா இருக்கலாம்...

— காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் கொண்டு வந்ததும் நீங்கதான், இதைக் கட்டினதும் நீங்கதான். இறங்கி வந்து முடிச்சை அவிழ்த்து விடுங்க, தம்பி. நாலு மணி ஆகப் போகுது, எனக்குக் குளிருது.